ஒரே ஏணியில் இரண்டு லைன்

ஜனவரி 5, திங்கள்

ஆறு மாதம் கழித்து இன்று வேலைக்குப் போனேன். மகிழினியைப் பூபதியிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துத் தெரு முனை வரை போனவள், காய்ச்சல் மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்லத் திரும்பி வந்தேன். மறுபடி போய் மறுபடி வந்தேன். அது எதற்கென்று இப்போது நினைவில்லை. அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"மூணாவது தடவையும் வருவியாட்ட இருக்குது. கதவச் சாத்தாமயே வெக்கறேன், போ."

அவர் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர். முன்னறையில்தான் கம்ப்யூட்டர், அதிலேயே வேலை. வருகிற தை மாதம் முழுக்க முகூர்த்தம். இருந்தாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகச் சொன்னது அவர்தான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார். அது தெரிந்தும் பத்து மணிக்குள் நான்கு முறை போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்ததும் பெரிய டாக்டர் கூப்பிட்டார். டாக்டர் தெய்வானை. இருதய ஆஸ்பத்திரியை ஈரோட்டில் முப்பது வருடமாக நடத்துகிறவர். எங்கள் இணைய வேலை முழுவதும் நான் ஒருத்திதான். நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது டிசம்பரில் நடந்ததை அவர் வாயால் இன்றுதான் கேட்டேன்.

பவானி, அந்தியூர், தாளவாடி என்று பதினெட்டு ஊர்களில் உள்ள சின்ன கிளினிக்குகள் நெஞ்சு வலி என்று வருகிறவர்களுக்கு ஈசிஜி எடுத்து, அந்த நிமிடமே எங்கள் சர்வருக்கு அனுப்புகின்றன. இங்கே டாக்டர் பார்த்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று சொல்வார். டிசம்பரில் ஒரு நாள் எங்களுடைய ஒரே இணைய லைன் ஒரு மணி ஐம்பது நிமிடம் அறுந்து கிடந்தது. அந்தியூரில் ஒரு தறித் தொழிலாளிக்கு எடுத்த ஈசிஜி வந்து சேரவில்லை. ஊசி போட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிழைத்துவிட்டார். இப்போது இருபது அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாராம். ஐம்பத்திரண்டு வயது.

"பங்குனிக்குள்ள ரெண்டாவது லைன் வேணும் கண்ணு. வேற கம்பெனி. ஒண்ணு அந்து போனா இன்னொண்ணு எடுத்துக்கோணும். அந்து போனது கிளினிக்குல இருக்கறவங்களுக்குத் தெரியவே கூடாது. முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். படித்திருக்கிறேன், செய்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். பீய்ச்சி வைத்துவிட்டுப் போன பாலை அவள் தொடவில்லையாம். பாட்டிலும் ஆகாது, பாலாடையும் ஆகாது. நான்தான் வேண்டும் அவளுக்கு. தினமும் நாலு கிலோமீட்டர் போய் வர வேண்டியதுதான்.

ஜனவரி 9, வெள்ளி

ராத்திரி சாப்பிடும்போது பூபதி கேட்டார்: "ரெண்டு லைன் வாங்கிச் சொருவுனா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு மூணு மாசம்?"

சொருகினால் முடியாது. இப்போது எங்கள் சர்வருக்கு இருக்கும் இணைய முகவரி பழைய கம்பெனியுடையது. கிளினிக் மெஷின்களுக்கு அந்த ஒரு முகவரிதான் தெரியும். புதுக் கம்பெனி தன் முகவரி ஒன்றைத் தரும். பழைய லைன் அறுந்தால் பதினெட்டு ஊரிலும் ஆள் உட்கார்ந்து முகவரியை மாற்றினால்தான் ஈசிஜி வரும். அதனால் முகவரியை எங்கள் பெயரிலேயே வாங்க வேண்டும். வாங்கி, இரண்டு கம்பெனியிடமும் கொடுத்து, "இந்த முகவரிக்கு எங்கள் வழியாகவும் போகலாம்" என்று இரண்டு பேரையும் உலகத்துக்குச் சொல்ல வைக்க வேண்டும்.

அவர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பத்திரிகைல ரூட் மேப் போடறாப்பல. பவானில இருந்து வர்றவங்களுக்கு ஒரு அம்புக்குறி, பெருந்துறைல இருந்து வர்றவங்களுக்கு ஒரு அம்புக்குறி. மண்டபம் ஒண்ணுதான்."

நான்கு வருடம் படித்ததை ஒரு வாய் ரசத்தில் சொல்லிவிட்டார். கொஞ்சம் கோபம் வந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

முகவரி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் ஒன்று, அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயர் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்கக் கடிதம் வேண்டும். எழுதிக் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பினேன்.

பால் டப்பா தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. "கெட்டுப் போச்சு, கொட்டிட்டேன்" என்கிறார் பூபதி. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவும் வீண்.

ஜனவரி 23, வெள்ளி

சளி. முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு, இப்போது அவருக்கு.

பிப்ரவரி 4, புதன்

வந்துவிட்டது. இருநூற்று ஐம்பத்தாறு முகவரிகள், எங்கள் ஆஸ்பத்திரிக்கென்று தனி எண் ஒன்று. இனி எந்தக் கம்பெனியை மாற்றினாலும் இவை எங்களோடுதான் இருக்கும். அச்செடுத்துப் பெரிய டாக்டரிடம் கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இத்தனை வாங்கியிருக்கறியே, நமக்கு எத்தனை வேணும்?"

"பன்னெண்டு பதிமூணு போதும் டாக்டர். ஆனா இதுக்குக் கொறஞ்சு சொன்னா உலகத்துல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க."

"சீர் தட்டு மாதிரியாக்கும்" என்று சிரித்தார்.

மதியம் மகிக்கு எடை பார்த்தேன். போன மாதத்தைவிட அறுநூறு கிராம் அதிகம். மதியமும் ராத்திரியும் மட்டும் கொடுத்தே இப்படி ஏறியிருக்கிறாள். தாய்ப்பாலுக்கு இருக்கிற சத்து.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

புதுக் கம்பெனி லைன் இழுக்க ஆள் வருகிறது என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி முன்கேட்டில் ஏணியோடு வந்து நின்றது கேபிள் குப்புராஜ். பெருந்துறை ரோட்டில் இந்தப் பக்கம் முழுக்க வீடுகளுக்கு டிவி கேபிள் கொடுக்கிறவர். எங்கள் பழைய லைனில் கோளாறு வந்தாலும் அவர்தான் வருவார்.

"அண்ணா, பழைய லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லியே."

"இல்லீங் மேடம். புது லைன் போட வந்தனுங்."

"அது வேற கம்பெனியாச்சே."

"கம்பெனி வேறதானுங். அவுங்க மெட்ராஸ்ல இருந்து மேட்டுக்கடை வரைக்கும் கொண்டாந்து உட்ருவாங்க. அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேருக்குமே நாந்தானுங்."

அரை மணி நேரத்தில் கூரையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"வந்து பாருங் மேடம். ரெண்டையும் ஒண்ணாச் சேத்து, அடிக்கொரு கட்டுப் போட்டு உட்ருக்கறேன். தனித்தனியாத் தொங்குனா அசிங்கமா இருக்குமுங். இப்ப ஒரே லைனாட்டத் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்தது. ஒரே லைனாட்டம். கம்பத்துக்குக் கம்பம், ஜடை பின்னியது போல.

"எங்க வரைக்குமுங்ணா இப்படி?"

"மேட்டுக்கடை வரைக்குமுங், ரெண்டு நாள் வேலைங்" என்றார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வண்டியில் மேட்டுக்கடை வரை போய்ப் பார்த்தேன். எல்லாக் கம்பத்திலும் இரண்டும் ஒன்றாகத்தான் போகின்றன. ஒரு லாரி இடித்தால் போதும்.

சென்னைக்குப் போன் செய்தேன். "எங்க ஃபைபர் தனி மேடம், ஷேரிங் கிடையாது" என்று இங்கிலீஷும் தமிழுமாகப் பத்து நிமிடம் சொன்னார் அந்த இஞ்சினியர். தனிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை, தனியாக ஒரே கம்பத்தில் தொங்குகிறது என்றேன். அவருக்குக் கம்பத்தைப் பற்றிக் கவலை இல்லை. அவருடைய படத்தில் கம்பம் இல்லை.

பெரிய டாக்டரிடம் சொல்லப் பயந்துகொண்டே போனேன். லைன் போட்டாகிவிட்டது, டாக்டருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன். சொன்னேன். கேட்டுவிட்டு, "இதயத்துக்கு ரெண்டு ரத்தக் குழாயும் ஒரே எடத்துல அடச்சுக்கிட்டா என்னாவும்னு நான் உனக்குச் சொல்லோணுமா" என்றார். "வேற வழி பாரு."

பிப்ரவரி 18, புதன்

குப்புராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆஸ்பத்திரியின் பின்கேட் வாய்க்கால் ரோட்டில் திறக்கிறது. அந்தப் பக்கமாகப் புது லைனைக் கொண்டுவர முடியுமா?

ஏணியில் பாதியில் நின்றவர் இறங்கினார். "அது என் ஏரியா இல்லீங்."

"யாருது?"

"எங்க சித்தப்பன் பையன், சென்னிமலைன்னு பேரு. பேச்சுவார்த்தை இல்லீங். ஒம்பது வருசமாச்சு. அவன் கேபிளு என் ரோட்டத் தாண்டாது. என் கேபிளு அவன் ரோட்டத் தாண்டாது. தாண்டுனா அவன் அத்து உட்ருவான்."

"நீங்க?"

"நானும்தானுங்."

எனக்கு அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்றையொன்று தொடாத இரண்டு லைனுக்கு, ஈரோடு முழுக்கத் தேடினாலும் இப்படி இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள். சென்னிமலையின் நம்பரைக் கேட்டேன். தன்னிடம் இல்லை என்றார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னார்.

"நான் குடுத்தன்னு சொல்லாதீங் மேடம்."

பிப்ரவரி 24, செவ்வாய்

மதியம் கொஞ்சம் முன்னாலேயே, பன்னிரண்டு பத்துக்கே வீட்டுக்குப் போய்விட்டேன். பூபதி அவசரமாக எதையோ சாம்பிள் பத்திரிகை அடுக்குக்குப் பின்னால் வைத்தார். வாடிக்கையாளர் யாரோ கொடுத்த ரகசிய டிசைன் போலிருக்கிறது. இந்தக் காலத்தில் பத்திரிகை டிசைனைக்கூடக் காப்பி அடிக்கிறார்கள்.

மகியின் தாடையெல்லாம் வெள்ளையாக வழிந்திருந்தது. எச்சில். பல் வரப் போகிறது என்று நினைக்கிறேன். சரியாகக் குடிக்கவும் இல்லை, இரண்டு நிமிடத்தில் திரும்பிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையையே பார்த்தாள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

புது லைன் உயிர் பெற்றது. வாய்க்கால் ரோடு வழியாக, பின்கேட்டில், சென்னிமலை கையால். சென்னிமலை குப்புராஜைவிட ஒல்லி, அதே மூக்கு. "முன்பக்கம் யாருங் மேடம் லைன் போட்டது?" என்று தெரியாதவர் போலக் கேட்டார். "ஒருத்தர்" என்றேன். "கட்டு நல்லாத்தான் போட்டிருக்கறான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இரண்டு கம்பெனியோடும் எங்கள் ரவுட்டர் பேசுகிறது. திரையில் இரண்டு வரிசையும் பச்சை. வெளியே போகிற போக்குவரத்தில் பாதி இதில், பாதி அதில். நான் எழுதின ஒவ்வொரு வரியும் வேலை செய்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்தப் பச்சையையே ஐந்து நிமிடம் பார்த்தேன். ஈசிஜி அறையிலிருந்து நாயகி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன அம்முணி, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கற" என்றார். செல்வநாயகி அக்கா, இருபது வருட டெக்னீசியன். பதினெட்டு கிளினிக்கிலும் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவருக்குத் தெரியும்.

பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எப்ப அத்து உட்டுப் பாக்கறது?"

வருகிற ஞாயிறு என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

பார்க்கவில்லை. மகிக்கு நிஜமாகவே பல் வருகிறது, ராத்திரி முழுக்க அழுகை. அடுத்த ஞாயிறு.

மார்ச் 22, ஞாயிறு

இன்று வேண்டாம் என்று தோன்றியது. கோடை மழை வரும் என்றார்கள். வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு நாயகி அக்கா போன். "பெரிய டாக்டர் சர்வர் ரூம்ல வந்து உக்காந்திருக்கறாங்க. நீ வா."

போனால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு கிளினிக்குக்கும் நாயகி அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்: எட்டு மணியிலிருந்து பத்து நிமிடம் லைனில் இருங்கள், நிஜ நோயாளி வந்தால் நேராக டாக்டருக்குப் போன் செய்யுங்கள் என்று. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

"இதுல எதைப் புடுங்கோணும்?" என்றார் டாக்டர்.

"டாக்டர், இன்னொரு தடவ எல்லாத்தையும் பாத்துட்டு..."

"நீ புடுங்க மாட்டே கண்ணு. மூணு வாரமாப் பாக்கறேன். எது, இந்த மஞ்சளா?"

மஞ்சள்தான் பழைய லைன். கையுறை போட்டுக்கொண்டு ஆயிரம் நெஞ்சைத் தொட்ட கை, ஒரு சொடக்கில் அதை உருவி எடுத்துவிட்டது.

திரையில் ஒரு வரிசை சிவப்பானது. இன்னொன்று பச்சையாகவே இருந்தது. என் கம்ப்யூட்டரில் செய்தித்தாள் பக்கம் திறக்கவில்லை. சரி, ஒரு நிமிடம் ஆகும். அந்தியூர் கிளினிக் பெண்ணிடம் நாயகி அக்கா போனில், "அனுப்பு சாமி" என்றார். அனுப்பிவிட்டேன் என்றாள். வரவில்லை. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். புது லைனின் வரிசை பச்சையாகத்தான் இருந்தது.

நான்காவது நிமிடம் டாக்டர் மஞ்சளைத் திரும்பச் சொருகினார். அந்தியூரின் இரண்டு ஈசிஜியும் சேர்ந்து வந்து விழுந்தன.

நான் யூபிஎஸ் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், "டிசம்பராட்ட நோயாளி வந்தப்பறம் தெரிஞ்சா நஷ்டம். ஞாயித்துக்கெழம காலைல தெரிஞ்சா லாபம். மூக்கச் சிந்திட்டு வா" என்றார்.

பத்து மணிக்குக் காரணம் கிடைத்தது. முகவரி எங்களுடையது என்று புதுக் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்திருந்தேன். 'முடிந்தது மேடம்' என்று பதிலும் வந்திருந்தது. முடியவில்லை. தங்கள் வழியாக வர அனுமதிக்கும் முகவரிகளின் பட்டியலில் எங்களைச் சேர்க்கவே இல்லை. நாங்கள் சொன்னதை அவர்கள் வாங்கி அப்படியே கீழே போட்டுவிட்டார்கள். உலகத்தில் யாருக்கும் அந்த அம்புக்குறி தெரியவில்லை. இவ்வளவு நாளும் எல்லாமே பழைய லைன் வழியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியூரிலிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று காட்டும் பக்கங்கள் இருக்கின்றன, இலவசம். நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் போகும்போது கேட்டார்: "இதெல்லாம் உன் ஒருத்தி மண்டைக்குள்ளதான் இருக்குதா? நீ ஒரு நாளைக்கு வரலைன்னா?"

"நான் வந்துருவேன் டாக்டர்."

"அத நான் கேக்கல. நாயகிக்கு எழுதிக் குடு."

மார்ச் 31, செவ்வாய்

சென்னை இஞ்சினியர் பட்டியலில் சேர்த்துவிட்டார். இந்த முறை நானே வெளியிலிருந்து பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து, மும்பையிலிருந்து, ஜெர்மனியிலிருந்து. எங்கேயிருந்து பார்த்தாலும் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி.

நாயகி அக்காவுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பேறுகாலத்துக்குப் போறப்பவும் இப்படித்தான் எழுதிக் குடுத்துட்டுப் போன. ஒண்ணும் புரியல. மடிச்சு மேஜைக் காலுக்குத்தான் வெச்சேன். எது சிவப்பானா யாருக்குப் போன் பண்ணோணும், அத மட்டும் சொல்லு." கடைசியில் ஏழு வரி. கீழே என் நம்பரை எழுதப் போனேன். "அது எனக்குத் தெரியும், எடத்த அடைக்காத" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஏழு மணிக்கு நானே மஞ்சளை உருவினேன். தாளவாடி ஈசிஜி வர நாற்பது விநாடி. பிறகு மஞ்சளைச் சொருகிவிட்டு நீலத்தை உருவினேன். அப்போதும் வந்தது.

மகிக்கு இன்று ஒன்பது மாதம் முடிந்தது.

ஏப்ரல் 8, புதன்

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பதாம் மாத ஊசி. பூபதி அச்சகத்துக்குப் புரூஃப் கொண்டு போக வேண்டியிருந்ததால், அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். டோக்கன் அறுபத்திரண்டு. உட்கார்ந்து பையில் கையை விட்டபோதுதான் தெரிந்தது, போன் இல்லை. படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. வீடு பூட்டியிருக்கிறது.

முப்பத்தொன்றாவது டோக்கன் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போனால் இன்றைக்கு ஊசி இல்லை, அடுத்த புதன்தான். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் போன் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் பேசலாமா என்று நினைத்தேன். பேசி என்ன கேட்பது? எல்லாம் சரியாக இருக்கிறதா என்றா? இருக்கிறது என்றால் வைத்துவிட்டு அடுத்த நிமிடம் மறுபடி கேட்கத் தோன்றும். எனக்கு என்னைத் தெரியும். வாங்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாள் கழித்து இப்படிச் சும்மா உட்கார்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை கணக்கு. மகி எதிர் பெஞ்சில் இருந்த பையனின் செருப்பைப் பிடுங்கப் பார்த்தாள். ஊசி போட்டதும் ஊரைக் கூட்டினாள், ஆட்டோவில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வரும்போது ஒன்று இருபது. போனில் பதினான்கு குறுஞ்செய்திகள், எல்லாம் ரவுட்டர் அனுப்பியவை. முதலாவது: பதினொன்று ஏழுக்குப் பழைய லைன் துண்டிப்பு.

தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே நாயகி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அங்க எப்படி இருக்குது?"

"எது? சாப்பாடா? இன்னைக்குக் கொள்ளுப் பருப்பு."

"ஈசிஜியெல்லாம் வருதாக்கா?"

"ஏன், வராம? காலைல இருந்து இருபதுக்கு மேல வந்துருச்சு. அந்தியூருல இருந்து ஒண்ணு சீரியஸு. முப்பத்தெட்டு வயசுப் பையன். டாக்டர் பாத்து அஞ்சு நிமிசத்துல ஊசி போடச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல வந்துட்டு இருக்கறான், நல்லாப் பேசறானாம்."

"எத்தனை மணிக்குங்க்கா அது?"

"பதினொண்ணரைக்கு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பழைய லைன் அந்து ரெண்டு மணி நேரமாச்சுக்கா."

"அப்படியா? ஃபேனு கூட நிக்கலியே அம்முணி. இரு, சிவப்பா இருக்குதான்னு பாக்கறேன்." செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. "ஆமா, ஒண்ணு சிவப்பு. இந்த ஏழு வரில ரெண்டாவது வரிதானே? குப்புராஜுக்குப் போன் பண்றேன். நீ வெய்யி. புள்ளைக்கு ஊசி போட்ட எடத்துல தேய்க்காத."

அரை மணி கழித்துக் குப்புராஜே எனக்குப் போன் செய்தார். "வைக்கோல் லாரி மேடம். லோடு ஒசரம். நாலு கம்பத்து ஒயரு மொத்தமும் மாலையாட்டம் மாட்டிக்கிட்டுப் போயிட்டானுங். பொழுதோட கட்டிருவேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அவன் லைனு தாங்குச்சுங்களா?"

"தாங்குச்சுங்ணா."

"ம்" என்றார். வருத்தமா திருப்தியா என்று பிடிபடவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பெரிய டாக்டரிடம் நேற்றைய பதிவை அச்செடுத்துக் காட்டினேன். 11.07 லைன் துண்டிப்பு. 11.31 அந்தியூர் ஈசிஜி வருகை. 11.36 டாக்டர் பார்த்தது. 4.52 லைன் திரும்பியது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நான்தானே பாத்தேன் இந்தப் பையனை. எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"தெரிஞ்சாத்தானுங் டாக்டர் சொல்லுவாங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க இருந்தே அப்ப?"

"டோக்கன் அறுபத்திரண்டுல."

அவர் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். அந்தப் பையன் மூன்றாவது மாடியில் இருக்கிறான். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியாமல் படிக்கட்டு வரை போய், திரும்பி என் இடத்தில் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். நல்ல நாள்.

சாயங்காலம் வீட்டில், மகிக்குத் துணி மாற்றிக்கொண்டே பூபதியிடம் சொன்னேன்: "நாளைல இருந்து மத்தியானம் நான் வரலீங்க. அவளுக்கு நீங்களே பாத்துக் குடுத்துருங்க."

எவ்வளவு பால், எத்தனை மணிக்கு, எதில் கொடுப்பது, முதலில் இரண்டு நாள் அழுவாள், விட்டுக்கொடுக்காமல் பொறுமையாக எப்படிப் பழக்க வேண்டும், எல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன்.

"சரி" என்றார்.

திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.